ஆமையின் துடுப்பும் உழைப்பாளியின் கையும்

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சில தோழர்கள் சிரிக்கக்கூடும். கூலிப் பிரச்னை இருக்கிறது, நிலப் பிரச்னை இருக்கிறது, அரிசி விலை இருக்கிறது. இதற்கு நடுவில் ஆமைக்கு என்ன அவசரம் என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த ஆமையைப் பின்தொடர்ந்து போனால், தி. நகர் ஜவுளிக் கடையில் நாள் முழுவதும் நிற்கிற பெண்ணின் கால்வலிக்கும், நம் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புப் புத்தகத்துக்கும் வந்து சேருவோம். பாதை கொஞ்சம் நீளம். 37 கோடி வருஷ நீளம். பொறுமையாக வாருங்கள்.

சென்னையில் அடையாறு கடலில் விழுகிற இடத்துக்குத் தெற்கே பெசன்ட் நகர். மாலையில் சுண்டலும் ஐஸ்கிரீமும் விற்கிற கடற்கரை. தை பிறந்து பங்குனி முடிகிற வரையில், ஜனங்கள் வீடு திரும்பிய பிறகு, அதே மணலில் வேறு ஒரு காரியம் நடக்கிறது. கடலிலிருந்து ஒரு பெண் ஆமை ஏறி வருகிறது. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்கிற இனம். துடுப்பு மாதிரி இருக்கிற கால்களால் கனத்த உடம்பை இழுத்துக்கொண்டு, நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. பின்னங்கால்களால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்கிறது. ஏறத்தாழ நூறு முட்டை இடுகிறது. மண்ணைத் தள்ளி மூடி, உடம்பால் அடித்துக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குத் திரும்பிப் போகிறது. 1988-லிருந்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து இந்தக் கரையில் இரவெல்லாம் நடந்து, அந்த முட்டைகளைப் பாதுகாத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விட்டு வருகிறார்கள்.

கடலிலேயே வாழ்கிற பிராணி முட்டையிட மட்டும் ஏன் கரைக்கு வர வேண்டும்? மீன் அப்படி வருகிறதா? வருவதில்லை. ஆமை வந்துதான் தீர வேண்டும். ஓட்டுக்குள் இருக்கிற ஆமைக் குஞ்சு ஓட்டின் வழியாகக் காற்றை வாங்குகிறது. அந்த முட்டையைக் கடலில் போட்டால் குஞ்சு மூச்சு முட்டிச் செத்துவிடும். தாயும் அப்படித்தான். அதற்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். தண்ணீருக்குள் எவ்வளவு நேரம் இருந்தாலும் மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். காரணம் என்ன? கடலாமையின் முன்னோர்கள் தரையில் வாழ்ந்தவர்கள். பிழைப்புத் தேடி கடலுக்குப் போன பரம்பரை அது. ஊரை விட்டுப் போனாலும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருகிற பெண்ணைப் போல, இன்னும் கரைக்கு வந்துகொண்டிருக்கிறது.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் ஒதுங்கின. நீந்தத் தெரிந்த பிராணி கடலில் எப்படிச் சாகும் என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். இழுவை வலைக்குள் சிக்கி, மேலே வந்து மூச்சு விட முடியாமல் மூழ்கிச் சாவதுதான் முக்கியக் காரணம். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. அந்த விதி ஆமைக்கு மட்டும் நன்மை செய்வதல்ல. கரையை ஒட்டிச் சின்னப் படகில் வலை போட்டுப் பிழைக்கிற ஊரூர் குப்பத்து மீனவனுக்கும் அதுதான் பாதுகாப்பு. விதியை மீறுகிற பெரிய படகு ஆமையின் மூச்சையும் எடுக்கிறது, சின்ன மீனவனின் சோற்றையும் எடுக்கிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இப்போது ஆமையின் துடுப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

தோழர்களே, உங்கள் வலது கையை இடது கையால் தொட்டுப் பாருங்கள். தோளிலிருந்து முழங்கை வரையில் ஒரே எலும்பு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரையில் இரண்டு எலும்பு. மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி பல சின்ன எலும்புகள். அப்புறம் ஐந்து விரல். ஆமையின் துடுப்பைப் பிரித்துப் பார்த்தாலும் இதே கணக்குத்தான்: ஒன்று, இரண்டு, பல, ஐந்து. வௌவாலின் இறக்கையிலும் இதே கணக்கு. இறக்கைத் தோலைத் தாங்கி நிற்பது அதன் நீண்ட விரல்களே. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிற திமிங்கில எலும்புக்கூட்டிலும் அந்தப் பெரிய துடுப்புக்குள் விரல் எலும்புகள் இருக்கின்றன. கிண்டிக் காட்டில் மேய்கிற வெளிமான் இரண்டு விரல் நுனியில் நடக்கிறது. குளம்பு என்பது நகம்தான். கிண்டிப் பந்தயத் திடலில் பணக்காரர்கள் பணம் கட்டிய காலமெல்லாம் குதிரை ஓடியது ஒற்றை நடுவிரல் நகத்தின் மேல் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

நீந்தவும், பறக்கவும், ஓடவும், தறி ஓட்டவும் ஒரே அமைப்பு. தனித்தனியாகத் திட்டம் போட்டுச் செய்திருந்தால் இப்படி இருக்குமா? ஒரே பாவில் ஊடையை மாற்றி மாற்றிப் பல ரகத் துணி நெய்கிற மாதிரி, ஒரே பழைய அமைப்பில் காலமும் சூழலும் நெய்தெடுத்த ரகங்கள் இவை. நாலு கால் பரம்பரை என்று இதைச் சொல்லலாம். தவளை, தேரை உள்ளிட்ட இருவாழ்விகள் ஏறத்தாழ 9,000. ஊர்வன 12,000-க்கு மேல். பறவைகள் சுமார் 11,000. பால் கொடுத்துக் குட்டி வளர்ப்பவை 6,000-க்கு மேல். இவ்வளவும் ஒரே பங்காளிக் கூட்டம். மனிதனும் அதில் ஒருவன்.

இந்தப் பரம்பரை எங்கிருந்து கிளம்பியது? தண்ணீரிலிருந்து. இதில் விவசாயத் தொழிலாளியான தோழருக்கு ஆச்சரியம் அதிகம் இருக்காது. மழை பிடித்ததும் குட்டையை விட்டு வரப்பு மேல் ஏறி அடுத்த வயலுக்குப் போகிற பனையேறிக் கெண்டையை அவர் பார்த்திருக்கிறார். சேற்றுக்குள் நாள் கணக்கில் உயிரோடு கிடக்கிற விராலைப் பிடித்திருக்கிறார். தரங்கம்பாடி டென்மார்க்காரர் வசம் இருந்த காலத்தில், 1791-ல், டால்டார்ஃப் என்கிற ராணுவ அதிகாரி இந்தக் கெண்டை ஒரு பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதிவைத்தார். ஐரோப்பாவில் பண்டிதர்கள் நீண்ட காலம் அதை நம்புவதா வேண்டாமா என்று விவாதித்தார்கள். நம் ஊர் உழவன் பெயரிலேயே சொல்லிவிட்டான்: பனையேறி.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பனையேறிக் கெண்டை நம் பாட்டனல்ல. அது தன் வழியில் தனியாகக் கரையேறப் பழகிய தூரத்து உறவு. மீன் காற்றைச் சுவாசிக்க முடியும், தரையில் நகர முடியும் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். நம் பாட்டன் வேறு ஒரு மீன் வகை. அதன் துடுப்பின் அடியில் சதையும் எலும்பும் இருந்தன. அந்த வகையில் மிஞ்சியிருப்பவை மிகச் சில. 1938-ல் தென் ஆப்பிரிக்காவில் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில் அப்படி ஒன்று வந்தது. சீலகாந்த் என்று பெயர். ஏழு கோடி வருஷத்துக்கு முன்பே பூண்டற்றுப் போனது என்று எல்லோரும் நினைத்திருந்த மீன் அது!

கரையேறிய கதைக்குச் சாட்சி என்ன? இங்கேதான் மந்திரி ஒருவர் ஞாபகத்துக்கு வருகிறார். 2018 ஜனவரியில், மத்திய சர்க்காரில் கல்வி இலாகாவின் இணை மந்திரியாக இருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர்கள் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகையால் டார்வின் சொன்னது தவறு, பள்ளிப் பாடத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். நாட்டின் மூன்று விஞ்ஞான அகாடமிகளும் சேர்ந்து கண்டித்து அறிக்கை விட்டன.

யாரும் பார்க்கவில்லையாம்! காலையில் வயலுக்குப் போகிறோம். வரப்பு சரிந்திருக்கிறது. நாற்று மிதிபட்டிருக்கிறது. சேற்றில் குளம்படி பதிந்திருக்கிறது. ஓரத்தில் சாணம் கிடக்கிறது. ராத்திரி மாடு மேய்ந்தது என்று சொல்ல, பக்கத்தில் நின்று பார்த்த ஆள் வேண்டுமா? தடம் போதாதா?

பூமியும் தடம் வைத்திருக்கிறது. 38 கோடி வருஷத்துப் பாறையில் மீன் எலும்பு இருக்கிறது, கால் இல்லை. 36 கோடி வருஷத்துப் பாறையில் காலுள்ள பிராணி இருக்கிறது. அப்படியானால் நடுவிலிருக்கிற பாறையில் இரண்டும் கலந்த உருவம் இருக்க வேண்டும் அல்லவா? இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நீல் ஷூபின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் கனடாவின் வட கோடியில், பனிப் பிரதேசத்துத் தீவில், 1999-லிருந்து மறுபடி மறுபடி போய்த் தேடினார்கள். 2004-ல் கிடைத்தது. 37.5 கோடி வருஷம் பழையது. மீனுக்குரிய செதில் இருந்தது, துடுப்பு இருந்தது. ஆனால் தலை முதலை மாதிரித் தட்டை, மீனுக்கில்லாத கழுத்து, துடுப்புக்குள் ஒன்று, இரண்டு, பல என்கிற அதே எலும்புக் கணக்கு. அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியில் டிக்டாலிக் என்று பெயர் வைத்து 2006-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். இன்ன வயதுப் பாறையில் இன்னது கிடைக்கும் என்று முன்கூட்டிக் கணக்கிட்டுப் போய்த் தோண்டி எடுத்துவந்தார்கள் என்பதை மனதில் வையுங்கள். இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

இன்னொரு வேடிக்கை. கிரீன்லாந்தில் கிடைத்த அகந்தோஸ்டெகா என்கிற பிராணிக்குக் கையில் எட்டு விரல்! ஐந்துதான் என்று ஆரம்பத்திலிருந்தே எழுதி வைத்திருக்கவில்லை. அதற்குக் கால் இருந்தும் செவுளும் இருந்தது. பெரும்பாலும் தண்ணீரிலேயே கிடந்தது. அதாவது தரைக்கு வந்த பிறகு கால் முளைக்கவில்லை. பாசியும் வேரும் மண்டிய ஆழமில்லாத தண்ணீரில் தள்ளிக்கொண்டு போக உதவிய கால், பிற்காலத்தில் தரையில் நடக்க உதவியது. இயற்கை முன்யோசனையோடு கட்டுகிற மேஸ்திரியல்ல. கையில் இருக்கிற பழைய சாமானை வைத்து ஒப்பேற்றுகிற குடிசைக்காரன்.

மயிலாப்பூர் உபன்யாச மேடைகளில் சிலர், இதெல்லாம் நம் தசாவதாரத்திலேயே இருக்கிறது, மீன், ஆமை, பன்றி என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்களே என்பார்கள். 2019 ஜனவரியில் இந்திய விஞ்ஞான காங்கிரஸ் மேடையிலேயே ஆந்திராவைச் சேர்ந்த ஒரு துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரம் சிறந்த சித்தாந்தம் என்று பேசினார். புராணத்தைப் புராணமாகக் கேட்பவர்களோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் விஞ்ஞானம் என்று கொண்டுவந்தால் கேள்வி கேட்போம். மேலே பார்த்தோமே, நீந்துகிற ஆமை தரையிலிருந்து கடலுக்குத் திரும்பிப் போனது. மீனுக்கும் பன்றிக்கும் நடுவில் அது படிக்கட்டு அல்ல. பரிணாமம் ஏணி அல்ல. கிளை விட்டுக் கிளை விடுகிற ஆலமரம். சில கிளை வந்த திசைக்கே வளைகிறது.

திமிங்கிலமும் அப்படி வளைந்த கிளைதான். அதன் கதையில் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ரங்கா ராவ் என்கிற இந்திய நிலவியல் அறிஞர் காஷ்மீரத்தின் காலாகோட் பகுதியில் கற்களைச் சேகரித்தார். அவர் காலத்தில் பல கற்கள் பிரிக்கப்படாமலே இருந்தன. அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி அவற்றை தேவிசன் என்கிற விஞ்ஞானியிடம் கொடுத்தார். வேலை செய்யும்போது ஒரு மண்டையோடு தற்செயலாக உடைந்தது. உடைந்த இடத்தில் தெரிந்த காது எலும்பு, திமிங்கில இனத்துக்கே உரிய தடித்த எலும்பு! 4.8 கோடி வருஷத்துக்கு முன், பூனையைவிடப் பெரிதல்லாத, சருகுமான் மாதிரிக் குளம்புள்ள ஒரு பிராணியின் எலும்பு அது. 2007-ல் இதை வெளியிட்டார்கள். உலகத்திலேயே பெரிய உயிரின் நெருங்கிய சொந்தக்காரன் குளம்புக் காலோடு ஆற்றோரம் திரிந்த ஒரு சின்னப் பிராணி.

காலை இழந்தவர்களும் இந்தக் குடும்பத்தில் உண்டு. கிண்டியில் குழந்தைகள் பூங்காவுக்குப் பக்கத்தில் பாம்புப் பண்ணை இருக்கிறது. ரோமுலஸ் விட்டேக்கர் 1969-ல் சேலையூரில் ஆரம்பித்து 1972-ல் கிண்டிக்குக் கொண்டுவந்தது. பாம்புக்கும் நாலு கால் பரம்பரைக்கும் என்ன சம்பந்தம் என்பவர்கள் அங்கே மலைப்பாம்பைப் பார்க்க வேண்டும். வாலின் தொடக்கத்தில், மலம் கழிக்கிற துவாரத்துக்கு இரு பக்கமும், நகம் போல இரண்டு சிறு முட்கள். பின்னங்கால் மிச்சம் அது! உள்ளே இடுப்பெலும்பின் துணுக்கும் இருக்கிறது. நாலு காலில் நடந்த பல்லி வகையிலிருந்துதான் பாம்பு வந்தது என்பதற்கு அது தன் உடம்பிலேயே வைத்திருக்கிற பத்திரம்.

பாம்பு என்றதும் கிராமத்துத் தோழர்களுக்கு எலும்பு ஞாபகம் வராது, சாவுதான் ஞாபகம் வரும். 2000-க்கும் 2019-க்கும் நடுவில் இந்தியாவில் 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தார்கள் என்று 2020-ல் வந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. சராசரி வருஷத்துக்கு 58,000. அநேகமாக எல்லோரும் கிராமத்து ஜனங்கள். பலர் வயலிலும் வரப்பிலும் கடிபட்டவர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்கிற நாலு வகைதான் பெரும்பாலான சாவுக்குக் காரணம். ஒன்றின் விஷம் நரம்பைத் தாக்கும், ஒன்றின் விஷம் ரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே விஷமுறிவு மருந்து செய்ய நாலின் விஷமும் வேண்டும். அந்த விஷத்தைச் சேகரிப்பவர்கள் யார்? பட்டணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வடநெம்மேலி. அங்கே 1978-ல் இருளர் மக்கள் அமைத்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டுப் பிழைப்பு போனபோது, பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிற தொழிலை அவர்கள் கையில் எடுத்தார்கள். அந்த விஷத்திலிருந்து செய்த மருந்துதான் நாடெங்கும் உழவர்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத மனிதர்கள், தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்கிறார்கள். பார்க்காததை நம்பாத மந்திரி அவர்களிடம் ஒரு வாரம் பாடம் கேட்டிருக்கலாம்.

மயிலைப் பற்றியும் இரண்டு வார்த்தை. அம்பிகை மயிலாகி வழிபட்டாள் என்பது மயிலாப்பூரின் தலபுராணம். மயிலும் கோழியும் காக்கையும் டைனோசர் கிளையிலிருந்து வந்தவை என்பது விஞ்ஞானம். கோழிக் காலின் செதிலைப் பாருங்கள். 1996-லிருந்து சீனாவில் கிடைத்துவருகிற, இறகு முளைத்த டைனோசர்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இனி மனிதனுக்கு வருவோம். நாலு காலில் இரண்டை விடுதலை செய்தவன் அவன். 1974-ல் எத்தியோப்பியாவில் கிடைத்த, லூசி என்று பெயரிடப்பட்ட எலும்புக்கூடு 32 லட்சம் வருஷம் பழையது. இரண்டு காலில் நிமிர்ந்து நடந்தவள். மூளையோ கிட்டத்தட்ட மனிதக் குரங்கின் அளவுதான். முதலில் மூளை பெருத்தது, பிறகுதான் எழுந்து நின்றான் என்று படித்த கனவான்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1876-லேயே, ஏங்கெல்ஸ் வேறு விதமாக எழுதினார்: முதலில் நிமிர்ந்து நின்றான், கை விடுதலையானது, கை உழைத்தது, உழைப்போடு சேர்ந்து மூளை வளர்ந்தது. ஆப்பிரிக்க மண்ணில் கிடைத்த எலும்புகள் அந்த வரிசையைத்தான் காட்டின.

விடுதலையான கை செய்த வேலையின் தடயம் நம் சென்னையிலேயே கிடைத்தது. 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில், சரளை மண் தோண்டிய குழியில், ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சாட்சி அது. அதே வருஷம் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்திலும் கிடைத்தன. அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷம் பழையவை என்று 2011-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். நம் மனித இனம் தோன்றியே சுமார் 3 லட்சம் வருஷம்தான் ஆகிறது. நமக்கும் முன்னால் இருந்த யாரோ ஒரு உழைப்பாளி கல்லை எடுத்துப் பக்குவமாகத் தட்டிக் கோடரி செய்தான். பிடித்த கை, ஆமையின் துடுப்பில் இருக்கிற அதே எலும்புகளாலான கை.

நிமிர்ந்து நின்றதற்கு விலையும் கொடுத்தோம். நாலு கால் மேல் பாலம் மாதிரிக் கிடந்த முதுகெலும்பு தூணாக நிமிர்ந்தது. பாரமெல்லாம் இடுப்பிலும் முழங்காலிலும் இறங்கியது. இதயத்திலிருந்து பாதத்துக்கு இறங்குகிற ரத்தம் மூன்றரை, நாலு அடி மேலே ஏறித் திரும்ப வேண்டும். அதை ஏற்றுவது யார்? கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளுகிறது; நரம்பில் உள்ள வால்வுகள் திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அசையாமல் நின்றால் பம்பு வேலை செய்யாது. ரத்தம் காலில் தேங்கும். கால் வீங்கும். வருஷக்கணக்கில் இப்படி நின்றால் நரம்பு சுருண்டு புடைத்து நீலமாகத் தெரியும். நம் உடம்பு நடக்கப் பக்குவப்பட்டது. உட்காரவும் படுக்கவும் தெரிந்தது. ஒரே இடத்தில் பத்து மணி நேரம் நட்டுவைத்த கம்பம் மாதிரி நிற்க எந்தக் காலத்திலும் பக்குவப்படவில்லை.

இப்போது தி. நகருக்கு வாருங்கள். பாண்டி பஜார், உஸ்மான் ரோடு, ரங்கநாதன் தெரு. மாடி மாடியாகத் துணிக் கடைகள். புடவையை விரித்துக் காட்டுகிற பெண்கள் பலர் தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நம் விவசாயத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். வாங்க வந்தவருக்கு நாற்காலி உண்டு. விற்கிறவளுக்கு இல்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டமாக இருந்தது. காலை வலிக்கிறது என்றால் சோம்பேறி என்று பெயர்.

இந்த எழுதாத சட்டத்தை எழுதிய சட்டத்தால் உடைத்தவர்கள் தொழிலாளர்களே. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் பெண் தொழிலாளர்கள் போராடிப் போராடி 2018-ல் கேரளத்தில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. வேலைக்கு நடுவில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு, எல்லாத் தொழிலாளருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்தத் திருத்தம். இருக்கை கேட்பது சலுகை கேட்பதல்ல என்பதற்கு இந்தச் சட்டம் ஒரு சாட்சி. கெண்டைக்கால் சதை இன்னொரு சாட்சி. ரிங் பிரேமில் ஷிப்ட் முழுவதும் நின்றும் நடந்தும் நூல் முடிகிற மில் தோழருக்கும், சேற்றில் குனிந்தே நாற்று நடுகிற பெண்ணுக்கும் இடுப்பு ஏன் விட்டுப்போகிறது என்று டாக்டர் சொல்வதற்கு முன் இந்தச் சரித்திரம் சொல்லும்.

அதனால்தான் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். 2023-ல் மத்திய கல்வி ஆராய்ச்சிக் கழகம் தன் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டது. "மரபும் பரிணாமமும்" என்று இருந்த பாடம் "மரபு" என்று சுருங்கியது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கிறோம் என்றார்கள். 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் உபாத்தியாயர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடம் இருக்கிறதே என்று பதில் வந்தது.

இந்தப் பதிலைக் கொஞ்சம் நிறுத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுக்கிறவன் யார்? டாக்டராக வேண்டும் என்று பணம் கட்டிப் படிக்க முடிந்தவன். பத்தோடு நிறுத்திவிட்டு மில்லுக்கும் கடைக்கும் போகிறவன் யார்? ஐ.டி.ஐ.க்குப் போகிறவன் யார்? கணக்குப் பிரிவோ வணிகப் பிரிவோ எடுப்பவன் யார்? அவர்களுக்கு இந்தச் சரித்திரம் வேண்டாமா? தன் கை எங்கிருந்து வந்தது என்பதை டாக்டர் மகன் மட்டும் தெரிந்துகொண்டால் போதுமா? தமிழ்நாட்டுப் பாடநூல் பத்தாம் வகுப்பிலேயே இந்தப் பாடத்தை வைத்திருந்தது. மத்தியில் எடுத்தபோது இங்கே எடுக்கவில்லை. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் பாடம் இருந்தால் மட்டும் போதாது. பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் பண்ணிவிட்டு மறப்பதற்கா இது? கடற்கரையும் காடும் பாம்புப் பண்ணையும் அருங்காட்சியகமும் இருக்கிற ஊரில், பெட்டியில் பூட்டிய புத்தகமாக ஏன் இது கிடக்க வேண்டும்? மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு நாளாவது கிண்டிக்கும் எழும்பூருக்கும் சர்க்கார் செலவில் அழைத்துப்போக வேண்டும் என்று கேட்கிறோம். உபாத்தியாயர் சங்கங்களும் பெற்றோர்களும் இதைக் கையில் எடுக்கலாம்.

அதுவரையில் நாமே செய்யக்கூடியது இருக்கிறது. பட்டணத்துக்கு மாநாட்டுக்கோ, மருத்துவமனைக்கோ, கல்யாணத்துக்கோ வருகிற தோழர்கள், பிள்ளைகள் கூட வந்தால் அரை நாள் ஒதுக்குங்கள். கிண்டி ரயிலடியில் இறங்கிப் பாம்புப் பண்ணைக்குப் போங்கள். மலைப்பாம்பு பெரும்பாலும் சுருண்டு தூங்கிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். கொஞ்சம் காத்திருங்கள். அது புரளும்போது வாலின் தொடக்கத்தில் அந்த இரண்டு சின்ன முட்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.